எண்ணூற்று நாற்பது ஊதாக் காடுகள்

ஒரே கதை, ஒரே படங்கள், ஒரே வசனங்கள். அட்டையில் காடு பச்சையாக இருந்தால் முந்நூறு ரூபாய். ஊதாவாக இருந்தால் ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

‘வேங்கைக்காட்டு ஒற்றன்’ என்பது 1997 தீபாவளிக்கு வந்த தமிழ் காமிக்ஸ். அன்று விலை பத்து ரூபாய். சிவப்புச் சட்டை போட்ட துப்பறிவாளன் ஒருவன் மரக்கிளையில் தொங்குகிறான். கீழே புலி வாயைப் பிளந்து நிற்கிறது. பின்னால் அடர்ந்த காடு. ஒன்பதாயிரம் பிரதிகள் விற்பனைக்கு வந்தன. பழைய புத்தகக் கடைகளில் பொறுமையாகத் தேடினால் இன்றும் கிடைக்கும். ஆனால் அதே இதழில் காடு முழுக்க ஊதாவாகவும் புலி செக்கச்செவேலென்றும் இருக்கும் ஒரு வகை உண்டு. சேகரிப்பாளர்கள் அதற்கு ‘ஊதாக் காடு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். உலகத்தில் மொத்தமே பன்னிரண்டு பிரதிகள்தான் என்பது அவர்கள் கணக்கு.

அந்தப் பன்னிரண்டுக்கு ஒரு தலபுராணமும் இருந்தது. ஓவியரின் மனைவி இறந்துபோனாராம். துக்கத்தில் அவர் கண்ணுக்குப் பச்சையே தெரியவில்லையாம். மனைவியின் நினைவாகப் பன்னிரண்டே பன்னிரண்டு பிரதிகளை ஊதாவில் அடித்துத் தரச் சொன்னாராம். இதை யார் பார்த்தார்கள், எங்கே எழுதியிருக்கிறது என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்பார்கள். சாமியே இல்லை என்று வாதாடுகிறவர்கள்கூட ஒரு புத்தகத்தின் முன்னால் இப்படிக் கைகட்டி நிற்பதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும். கதையால் விலை ஏறியது. விலை ஏற ஏறக் கதையும் வளர்ந்தது. நான்கு வருடத்துக்கு முன்பு நாற்பதாயிரம், போன வருடம் எண்பதாயிரம், இந்த வருடம் லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இந்த வியாபாரத்தின் நடுநாயகம் டிரேவர். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் தாத்தா காலத்து வீடு. மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு முன்னறையில் காமிக்ஸ் சேகரிப்பவர்கள் கூடுவோம். எனக்குக் காமிக்ஸைவிடப் பழைய பத்திரிகைகள் மீதுதான் ஆசை என்றாலும், அவர் வீட்டுத் தேநீருக்காகவும் வாதத்துக்காகவும் தவறாமல் போவேன். டிரேவர் தெரிந்து ஒரு போலியையும் விற்றதில்லை. ஒவ்வொரு பிரதியையும் லென்ஸ் வைத்துப் பார்த்து, முதுகு மடிப்பில் கோடு விழுந்திருக்கிறதா, தாள்களைப் பிடிக்கும் கம்பிப் பின்னில் துரு ஏறியிருக்கிறதா, மூலை மழுங்கியிருக்கிறதா என்று குறித்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கண்ணாடித் தாள் உறையில் வைத்து ஒட்டி, ஒரு சான்றிதழும் கொடுப்பார். ‘பன்னிரண்டில் ஏழாவது பிரதி’ என்று தன் கையால் எழுதிக் கையெழுத்திட்ட ஊதாக் காடு ஒன்று அவரிடம் விற்பனைக்கு இருந்தது. ஹரிஷ் என்ற இளைஞன் அதை வாங்குவதாகப் பேச்சு முடிந்திருந்தது. நாமக்கல்லிலிருந்து வந்து மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறவன். அந்த மாதக் கடைசி ஞாயிறன்று பணத்தை அனுப்பிப் புத்தகத்தை வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு.

அதற்கு எட்டு நாள் முன்னால்தான் சங்கமித்ரா அந்த வீட்டு மணியை அடித்தார். அன்று நான் அங்கே இல்லை. நடந்ததை டிரேவர் ஒருமுறையும், சங்கமித்ராவின் மகள் விஜி ஒருமுறையும் என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போயின.

சங்கமித்ராவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அப்பா தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், அங்கேயே பௌத்தம் தழுவிய குடும்பம். அவர் பிறப்பதற்கு முன்பே பிழைப்புக்காகப் பெங்களூர் வந்து நீலசந்திராவில் ஊன்றியவர்கள். பொம்மசந்திராவில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக சங்கமித்ராவுக்கு வேலை. மருந்துப் பெட்டி, பிஸ்கட் பெட்டி, பற்பசைப் பெட்டி எல்லாம் அங்கே அச்சாகின்றன. ஓடுகிற இயந்திரத்திலிருந்து மணிக்கு ஒருமுறை ஒரு தாளை உருவி, வெள்ளை விளக்கின் அடியில் வைத்து, ஒப்புதல் வாங்கிய மாதிரித் தாளோடு ஒப்பிட்டு, நிறம் சரியென்றால் கையெழுத்துப் போடுவார். சரியில்லை என்றால் இயந்திரம் நிற்கும். நிறத்தை அளக்கும் கருவி வாங்கிய பிறகும், கருவி சொன்னதை ஒருமுறை அவரிடம் கேட்டுக்கொள்ளாமல் மேற்பார்வையாளர்கள் நகர்வதில்லையாம்.

விஜிக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வரவேற்பு மேசையில் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியில் யாரோ ஒரு சேகரிப்பாளர் ஊதாக் காட்டைப் பற்றி உருகி உருகிப் பேசும் காணொளி வந்தது. ஓவியரின் கண்ணீர், பன்னிரண்டு பிரதிகள், லட்சத்துப் பத்தாயிரம், கடைசியில் டிரேவர் வீட்டு விலாசம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினாள்.

“ம்மா, இது நம்ம பரண் மேல கீதே, அதுதானே?”

சங்கமித்ரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் பார்த்தார். பிறகு நாற்காலி போட்டு ஏறி, பழைய போர்வைகளுக்கு அடியில் இருந்த கட்டைப் பிரித்து ஒரு பிரதியை எடுத்தார். சனிக்கிழமை மதியம் அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு, மகளோடு இரண்டு பேருந்து மாறி ரிச்சர்ட்ஸ் டவுன் போனார்.

டிரேவர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார், கேக் கொடுத்தார். இப்போது இதற்குப் போலிகள் நிறைய வருகின்றன, நல்ல ஸ்கேனர் இருந்தால் போதும், நீங்கள் ஏமாந்திருக்கலாம் என்றார். சங்கமித்ரா கோபப்படவில்லை. உங்களிடம் இருக்கும் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று கேட்டார். உறையில் ஒட்டிய ஏழாவது பிரதி வந்தது. அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“நடுப்பக்கத்துல கீழ்ப் பின்னைப் பாருங்க சார். எடது கால் நீளமா இருந்து, வலது கால் மேல ஏறிப் படுத்துனு இருக்கும். மேல் பின் ஒழுங்கா இருக்கும். இதுலயும் அப்படித்தான், என்கிட்ட கீறதுலயும் அப்படித்தான்.”

ஒட்டிய உறையைப் பிரித்தால் மதிப்பு குறையும். டிரேவர் கால் மணி நேரம் யோசித்தார். பிறகு பிளேடை எடுத்து உறையை அறுத்தார். கீழ்ப் பின்னின் இடது கால் வலது காலின் மேல் ஏறிப் படுத்திருந்தது. சென்னையில் இரண்டாவது பிரதி வைத்திருப்பவருக்குப் போன் போட்டு, காரணம் சொல்லாமல், நடுப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அதிலும் அப்படியே. முப்பது வருடமாக லென்ஸ் வைத்து அட்டையையும் முதுகையும் மூலையையும் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், பின்னின் கால் எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. இதை அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நாந்தான் சார் அடிச்சேன். ரெண்டு தலை பின் மிஷின். கீழ்த்தலையில பின்னை மடக்கற கட்டை தேஞ்சு போயிருந்துச்சு. மாத்துங்கன்னு ஓனர்கிட்ட ஒரு வருசம் சொன்னேன்.”

ஓசூர் சாலையில் அப்போது ஒரு சின்ன அச்சகம் இருந்தது. சென்னைப் பதிப்பாளர் ஒருவர் கூலி குறைவு என்று காமிக்ஸ் வேலையை அங்கே கொடுத்தார். சங்கமித்ராவுக்கு அன்று இருபத்தைந்து வயது. பைண்டிங் பகுதியில் ஆறு பெண்கள். ஐந்து பேர் மடிப்பதும் அடுக்குவதும், சங்கமித்ரா பின் அடிப்பதும். அச்சு இயந்திரம் ஒரே நேரத்தில் இரண்டு நிறம் மட்டும் அடிக்கக்கூடியது. நான்கு நிற அட்டை என்றால் தாள் இரண்டு தடவை ஓட வேண்டும். முதல் தடவை நீலமும் கறுப்பும். இரண்டாவது தடவை இடது பக்கத் தொட்டியில் மெஜந்தா என்கிற ரோஜாச் சிவப்பு, வலது பக்கத் தொட்டியில் மஞ்சள்.

இயந்திரம் ஓட்டியவர் பச்சைமுத்து. எந்தத் தொட்டியில் எந்த மை என்று அவர் எதையும் எழுதி வைத்ததில்லை. தொட்டியின் ஓரத்தில் வருடக்கணக்காகக் காய்ந்து ஒட்டியிருக்கும் பழைய மையே அடையாளம். ஆனால் ஆயுத பூஜைக்கு முதல் நாள் இயந்திரத்தை மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். வருடத்தில் ஒருநாள்தான் அப்படிக் கழுவுவது. பூசணிக்காய் உடைத்து, பூ சாற்றி, இடது தொட்டியின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளும், வலது தொட்டியின் மேல் அதே அகலத்துக்குக் குங்குமமும் அப்பினார்கள். பொரி கடலை தின்றுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலையில் பச்சைமுத்து வந்தார். ஒவ்வொரு நிறத்துக்கும் உரிய படம் பதிந்த பிளேட்டுகளைக் கைப்பழக்கத்தில் சரியான இடத்தில் மாட்டினார். மையை மட்டும் கண்ணால் பார்த்து ஊற்றினார். மஞ்சள் பூசியிருந்த தொட்டியில் மஞ்சள். குங்குமம் இருந்த தொட்டியில் மெஜந்தா.

அவ்வளவுதான் அந்தப் புராணம். ஓவியரும் இல்லை, கண்ணீரும் இல்லை. இயந்திரம் நன்றாக ஓட வேண்டும் என்று கும்பிட்ட கும்பிடுதான் அதைத் தப்பாக ஓட வைத்தது. இதைக் கேட்டபோது நான் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

இருநூற்றுப் பத்துத் தாள்கள் ஓடிக் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு தாளில் நான்கு அட்டை. எண்ணி வாங்க வந்த சங்கமித்ரா அடுக்கின் மேல் தாளைப் பார்த்துவிட்டு இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். பச்சைமுத்துவுக்கு ரோஷம். அச்சுக்காரர்கள் எப்போதும் தலைப்பின் சிவப்பைப் பார்த்துத்தான் நிறம் சரியா என்று முடிவு செய்வார்கள்.

“செவப்பு செவப்பாத்தானே கீது? இன்னா உனக்கு?”

“செவப்பு எப்படி அடிச்சாலும் செவப்புதாண்ணா. எலையைப் பாருங்க.”

இருபத்தைந்து வயதில், யாரும் சொல்லித் தராமல், அந்தப் பெண் நின்ற இடத்தில் இதைக் கண்டுபிடித்திருக்கிறார் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். சிவப்பு என்பது மெஜந்தாவும் மஞ்சளும் சரிபாதி சேர்ந்தது. இரண்டையும் இடம் மாற்றினாலும் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். பச்சை நீலமும் மஞ்சளும் சேர்ந்தது. மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில் மெஜந்தா வந்தால் இலை ஊதாவாகிவிடும். புலியின் ஆரஞ்சில் மஞ்சள் அதிகம், மெஜந்தா குறைவு. மாற்றினால் புலி சிவந்துபோகும். இதையெல்லாம் எங்களில் ஒருவர்கூட யோசித்ததில்லை. எம்.டெக் படித்தவர் இருவர் இருந்தும் நாங்கள் ஓவியரின் துக்கத்தை நம்பிக்கொண்டிருந்தோம்.

அச்சக முதலாளிக்குக் காகிதத்தை வீணாக்க மனமில்லை. எண்ணூற்று நாற்பது அட்டைகளையும் சேர்த்துப் புத்தகமாக்கச் சொன்னார். சங்கமித்ரா அடித்தார். மாதிரிக்கு முதலாளி ஒரு டஜன் பிரதிகளைப் பேருந்தில் சென்னைக்கு அனுப்பி, இது நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தார். பதிப்பாளர் முடியாது என்றார். அந்த டஜன் சென்னையிலேயே தங்கிவிட்டது. அதுதான் உலகப் புகழ்பெற்ற பன்னிரண்டு. மீதி எண்ணூற்று இருபத்தெட்டையும் அந்த வருடத் தீபாவளி இனாமாகப் பைண்டிங் பெண்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கு நூற்று முப்பத்தெட்டாகப் பிரித்துக் கொடுத்தார் முதலாளி. பட்டாசுக்கும் துணிக்கும் காத்திருந்தவர்களுக்குக் கெட்டுப்போன காமிக்ஸ். தவறு நடந்த இடம் ஒன்று, அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஒருவர், நஷ்டம் யார் தலையில் விடிந்தது என்று பாருங்கள். இந்த ஒழுங்கு மட்டும் எந்த அச்சகத்திலும் பிசகுவதில்லை.

மற்ற ஐந்து பேரும் குஜிரி என்கிற பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் எடைக்குப் போட்டுவிட்டார்கள். சங்கமித்ராவும் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் நாணு, புத்தகத்தில் பின் இருக்கிறது, கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துத்தான் தருவேன் என்றார். பின் ஒவ்வொன்றும் சங்கமித்ரா அடித்தது. அதற்கு விலை குறைப்பதா என்று சண்டை போட்டுவிட்டுக் கட்டைத் திரும்ப வீட்டுக்கே தூக்கி வந்தார். ஓர் அரிய பதிப்பு உலகில் பிழைத்திருப்பதற்கு நான் படித்த காரணங்களிலேயே இதுதான் மிகவும் நம்பத்தகுந்தது. அதன் பிறகு ஏழு பிரதிகள் அக்கம்பக்கத்துக் குழந்தைகளிடம் போய்க் கிழிந்தன.

“மீதி நூத்தி முப்பத்தொண்ணு வீட்ல கீது சார்” என்றார் சங்கமித்ரா.

டிரேவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பிறகு, வியாபாரி என்ற முறையில், ஒளிவு மறைவில்லாமல் ஒரு விலை சொன்னார். மொத்தக் கட்டுக்கும் ஐந்து லட்சம். ஒரே நிபந்தனை, இந்தக் கட்டு இருந்ததே வெளியே தெரியக் கூடாது.

“நூத்தி முப்பத்தொண்ணையும் வெச்சு இன்னா பண்ணுவீங்க?”

“ஆறு வெச்சுக்குவேன்மா. வருஷத்துக்கு ஒண்ணுதான் வெளிய விடுவேன். மீதிய மெஷின்ல போட்டுக் கிழிச்சிடுவேன். அப்பதான் இருக்கறதுக்கு வேல்யூ.”

ஜாதிக்காய் விலை விழுந்துவிடக் கூடாது என்று கப்பல் வணிகக் கம்பெனிக்காரர்கள் ஆம்ஸ்டர்டாமில் அதை மலையாகக் குவித்துக் கொளுத்தினார்கள் என்று படித்திருக்கிறேன். காப்பி விலைக்காகப் பிரேசிலில் காப்பிக்கொட்டையைக் கொளுத்தினார்கள். பாலைச் சாக்கடையில் ஊற்றிய நாடுகள் உண்டு. மனிதன் உழைத்துச் செய்ததை மனிதனே அழித்தால்தான் அதற்கு மதிப்பு வரும் என்கிற இந்தப் பைத்தியக்காரத்தனம், தேநீரும் கேக்கும் உள்ள ஒரு நல்ல வீட்டில் நல்ல மனிதர் வாயிலிருந்து எவ்வளவு இயல்பாக வருகிறது பாருங்கள்.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சங்கமித்ரா கிளம்பிவிட்டார்.

ஐந்து லட்சம் அவருக்குச் சின்னத் தொகை அல்ல. நீலசந்திராவில் அவர்கள் இருந்தது லீசு வீடு. மாத வாடகை கிடையாது. மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால் மூன்று வருடம் இருக்கலாம், காலி செய்யும்போது பணம் திரும்பி வரும். ஐந்து லட்சம் கொடுத்திருந்தார்கள். அடுத்த தவணைக்கு ஒன்பது வேண்டும், இல்லையென்றால் காலி செய்யுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். கெடு முடிய இன்னும் ஆறு வாரம்தான். நாலு லட்சம் எங்கே புரட்டுவது என்று தாயும் மகளும் இரண்டு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தார்கள். கணவர் போய்ப் பத்து வருடமாகிறது. சங்கமித்ரா பிறந்த தெரு அது. அந்தத் தெருவில் இனி இருக்க முடியுமா என்பது பரண் மேல் இருந்த அந்தப் புத்தகக் கட்டைப் பொறுத்திருந்தது.

விஜிக்கு இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை. மாதம் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் ஆசைக்கு வாங்குகிறார்கள், வாங்கட்டும் என்றாள். நாம் பொய் சொல்லப் போவதில்லை, சும்மா இருக்கப் போகிறோம், அவ்வளவுதானே என்றாள். அன்றைக்கு அந்த முதலாளி உனக்குத் துணி எடுத்துக் கொடுக்காமல் இதைக் கொடுத்தானே, இன்றைக்காவது அது நமக்கு உதவட்டும் என்றாள். அவள் கட்சியில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. சங்கமித்ராவும் மறுத்துப் பேசவில்லையாம். ஒரு வாரம் வேலைக்குப் போய் வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு அரிசிச் சாக்கை உதறி, கட்டை அதில் போட்டு, ஆட்டோ கூப்பிட்டு வரச் சொன்னார். டிரேவரிடம் விற்கத்தான் போகிறார் என்று நினைத்து விஜி ஒரு சாக்கைச் சந்தோஷமாகத் தூக்கினாள்.

அன்றுதான் நான் அவரை முதன்முதலில் பார்த்தேன். முன்னறையில் பதினேழு பேர் இருந்தோம். ஹரிஷ் கைப்பேசியில் பணம் அனுப்பும் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆறு மாதச் சேமிப்பு. அவன் முகம் கல்யாண மாப்பிள்ளை முகம் போல் இருந்தது. வாசலில் ஆட்டோ நின்றது. குட்டையான, தலை பாதி நரைத்த ஒரு பெண்மணி அரிசிச் சாக்கோடு உள்ளே வந்தார். டிரேவர் முகம் வெளுத்தது. பின்பக்கம் வாருங்கள் என்று மெதுவாகச் சொன்னார். அவர் போகவில்லை. சாக்கை மேசைக்குப் பக்கத்தில் இறக்கினார்.

“பணம் அனுப்பிட்டீங்களா?” என்று பொதுவாகக் கேட்டார்.

இன்னும் இல்லை என்றான் ஹரிஷ்.

அப்புறம் அவர் சொல்லத் தொடங்கினார். பூஜை, மஞ்சள், குங்குமம், இலை, எண்ணூற்று நாற்பது. தொழிற்சாலையில் தாளைச் சோதித்து அறிக்கை கொடுக்கும் குரல், அவ்வளவுதான். சொல்லி முடித்துவிட்டுச் சாக்கின் வாயைப் பிரித்தார். ஊதாக் காடு. அதன் கீழே ஊதாக் காடு. அதன் கீழேயும். வாழ்நாளில் ஒன்றைப் பார்க்க முடியுமா என்று ஏங்கியவர்கள் நிறைந்த அறையில் நூற்று முப்பத்தோரு சிவப்புப் புலிகள், மேல் ஓரம்கூடப் பழுக்காமல். விஜி சுவரோரமாக நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் கோபப்பட்டவர் நான்காவது பிரதியின் சொந்தக்காரர், இந்திரா நகரில் கட்டடத் தொழில் செய்கிறவர். எண்பதாயிரம் கொடுத்து வாங்கியது, ஒரே நிமிடத்தில் குப்பையாக்கிவிட்டீர்கள், வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் உங்களுக்கும் லாபம் எங்களுக்கும் லாபம் என்றார். சங்கமித்ரா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“பன்னெண்டுதான்னு சொல்லிட்டா, மீதி எண்ணூத்தி இருபத்தெட்டையும் யாரு சார் அடிச்சாங்க?”

நான் நிறையப் படித்தவன் என்று என்னை நானே நினைத்துக்கொள்பவன். உழைப்பைப் பற்றியும் மதிப்பைப் பற்றியும் தடித்த தடித்த புத்தகங்கள் என் அலமாரியில் இருக்கின்றன. அவற்றின் சாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஹரிஷ் பணம் அனுப்பும் திரையை மூடினான். ஏமாறாமல் தப்பித்தவன் போல அவன் நிம்மதி அடையவில்லை. வாடகைக் காசு தொலைந்தவன் போல இருந்தான். சின்ன வயதில் முடிவெட்டும் கடையில் வரிசைக்குக் காத்திருந்தபோது பச்சைக் காட்டைப் படித்தவன். ஊதாக் காடு அவனுக்குக் கனவு.

“நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் ஆன்ட்டி. என் வரைக்கும் அது பன்னெண்டுல ஒண்ணாவே இருந்திருக்கும்.”

“இப்பவும் நீ ஒண்ணுதானேப்பா வெச்சுக்கப் போற. மத்ததை எண்ணினு இருக்கறதுக்கா வாங்கற?”

அவன் சிரித்துவிட்டான். சரி, எவ்வளவு என்று கேட்டான். உடனே அறையில் சலசலப்பு. டிரேவர்தான் முதலில் தெளிந்தார். நூற்று நாற்பத்து மூன்று பிரதிகள் என்றால்கூட அரிதுதான், பத்தாயிரத்தில் தொடங்கலாம், மெதுவாக விடலாம் என்றார். மொத்தமாக வந்தால் ஐந்நூறுகூடத் தேறாது என்றார் இந்திரா நகர்க்காரர். ஏலம் விடலாம் என்றார் ஒருவர். சங்கமித்ரா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தன் விலையைச் சொன்னார். மூவாயிரத்து ஐம்பது ரூபாய். ஆளுக்கு ஒன்று.

மூவாயிரத்து ஐம்பது எப்படி வந்தது என்று எல்லோருக்கும் குழப்பம். முதுகு மடிப்பை வைத்தா, பின் துருப்பிடிக்காததை வைத்தா, வெளிநாட்டு விலையை வைத்தா என்று டிரேவர் கேட்டார்.

“எனக்கு நாலு லட்சம் வேணும் சார். நூத்தி முப்பத்தோரு புக்கு கீது. வகுத்துப் பாருங்க. மேல மூணு ரூபா சொச்சம் வந்துச்சு, விட்டுட்டேன்.”

அரிதானதற்கு விலை, அழகானதற்கு விலை, ஆசைக்கு விலை எல்லாம் கேட்டிருக்கிறேன். தேவைக்கு ஒரு விலை, அதற்கு மேல் ஒரு பைசா வேண்டாம் என்று ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். விஜி அம்மாவைப் பார்த்த பார்வையில் கோபம் இன்னும் இருந்தது. ஆனால் சாக்கிலிருந்து பிரதிகளை எடுத்து மேசையில் அடுக்கத் தொடங்கியது அவள்தான். ஹரிஷ் முதல் பிரதியை வாங்கினான். தன் மடிக்கணினியில் ஒரு சீட்டும் தட்டச்சு செய்தான், ஒவ்வொரு பிரதியோடும் வைக்க. எத்தனை அச்சானது, எதனால் நிறம் மாறியது, கீழ்ப் பின் எப்படி இருக்கும் என்று எழுதியபின், பின் அடித்தவர் சங்கமித்ரா என்று முடித்தான். சங்கமித்ரா அதை ஏற்க மறுத்தார். மடித்தவர்கள் சொர்ணம், லட்சுமம்மா, மௌரீன், நாகம்மா, பேபி என்று ஐந்து பெயரையும் சொல்லிச் சேர்க்கச் சொன்னார். இயந்திரக்காரர் பச்சைமுத்து பெயரும் வேண்டும், தவறு செய்தவர் என்று போட வேண்டாம், அச்சிட்டவர் என்று போடு என்றார். டிரேவர் அந்தச் சீட்டை இரண்டு முறை வாசித்தார். பிறகு உறை கிழிந்த ஏழாவது பிரதியின் சான்றிதழை எடுத்து, ‘பன்னிரண்டில்’ என்ற சொல்லைத் தானே பேனாவால் அடித்தார்.

அன்று பதினைந்து பிரதிகள் விற்றன. ஐந்து வாரம் கழித்து லீசுக் கெடு முடிந்தபோது எண்பத்தெட்டு. இரண்டு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய். வீட்டுக்காரர் மீதிக்குப் பொறுக்க மாட்டேன் என்றுவிட்டார். பிறந்த தெருவை விட்டு, நாலு தெரு தள்ளி, இரண்டாவது மாடியில் ஏழரை லட்சத்துக்கு ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீட்டுக்குப் போனார்கள். டிரேவர் கேட்டபடி கொடுத்திருந்தால் பழைய வீட்டிலேயே இருந்திருக்கலாம், கையில் ஒரு லட்சம் மிஞ்சியும் இருக்கும். விஜி இதைப் படியேறும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவாள். சங்கமித்ரா மறுக்க மாட்டார். ஆமா, நாலு படி அதிகந்தான் என்பார்.

நான் மிகவும் வியந்தது அதன் பிறகு நடந்ததைக் கண்டுதான். பூஜைக் கதையும் ஏழு பெயர் கொண்ட சீட்டும் பரவப் பரவ, சீட்டோடு கூடிய பிரதிக்குத் தேவை கூடியது. கையில் பத்துப் பிரதி இருந்தபோது வெளியே ஒன்று ஏழாயிரத்துக்குக் கைமாறியது. நாலு இருந்தபோது பதினைந்தாயிரம் தருவதாக மும்பையிலிருந்து ஒருவர் பேசினார். சங்கமித்ரா ஒரு நோட்டுப் புத்தகத்தில் கேட்டவர்கள் பெயரை வரிசையாக எழுதி வைத்திருந்தார். மும்பைக்காரர் பெயரையும் எழுதிக்கொண்டார், பதினொன்றாவதாக. கடைசிப் பிரதி வரிசைப்படி ஓசூரில் ஓர் ஆட்டோ ஓட்டுநருக்குப் போனது. மூவாயிரத்து ஐம்பது ரூபாய்.

கடைசிப் பிரதி போன ஞாயிறன்று நான் அவர்கள் புது வீட்டுக்குப் போயிருந்தேன். பரண் என்று ஒன்று அங்கே இல்லை. தனக்கென்று ஒரு பிரதிகூட எடுத்து வைக்கவில்லையா என்று கேட்டேன்.

“எனக்கு எதுக்கு சார்? அது தப்பா அடிச்சது” என்றார் சங்கமித்ரா. மதிய ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினார்.